பூட்டனார் ஊரைத் தேடுகிறேன்: கேட்டுத் தெரிந்துகொள்வதா, நானே தோண்டுவதா?

கேட்டோமேனர்_பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் இன்னொரு குழுவில் இதையே கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்கிறேன். என் அப்பாவின் தாத்தா ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். பெயர் முனிசாமி. அவர் எந்தக் கப்பலில் வந்தார், இந்தியாவில் அவருக்கு எந்த ஊர், யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன், அவ்வளவுதான். "முதலில் தேடிப் பார்த்துவிட்டு வாங்க" என்றார் ஒருவர். "வாரம் ஒருத்தர் இதைக் கேட்கிறீங்க" என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் ஒரு இணைப்பை மட்டும் போட்டுவிட்டுப் போனார், அதைத் திறந்தால் திறக்கவே இல்லை.

நான் தேடவில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது? கூகுளில் போட்டால் இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16-ல் டர்பனுக்கு வந்தது என்பதுதான் பக்கம் பக்கமாக வருகிறது. அது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதில் என் பூட்டனார் இருந்தாரா இல்லையா என்பதல்லவா எனக்கு வேண்டும்.

அப்பா இப்போது இல்லை. பெரியப்பாவுக்கு ஞாபகம் ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. காப்பகம் திறந்திருக்கிற நேரம்தான் எனக்கும் வேலை நேரம். தெரிந்தவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்கு நான் ஏன் மாதக்கணக்கில் அலைய வேண்டும்? கேட்பது அவ்வளவு பெரிய குற்றமா?

மாரிட்ஸ்பர்க்_அக்கா:

கேட்டது குற்றமே இல்லை தம்பி. ஆனால் நீங்கள் கேட்ட விதத்தில் அதற்குப் பதில் சொல்ல எந்த மனுஷராலும் முடியாது. 1860 முதல் 1911 வரை இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் 152,184 பேர். அதில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களுக்குள் முனிசாமி யார் என்பது டர்பன் மார்க்கெட்டில் நின்றுகொண்டு "நாயுடு!" என்று கூப்பிடுவது போலத்தான், பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குழுவில் எரிச்சல்பட்டவர்கள் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம், அது வேறு விஷயம். ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை என்பதுதான் உண்மை, ஏனென்றால் தேவையான துப்பு உங்கள் வீட்டில் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். காலனி எண் என்போம். கைக்குழந்தைக்கும் உண்டு. அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் கப்பல் பட்டியலே அந்த எண் வரிசையில்தான் ஓடுகிறது. பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதியிருப்பார்கள். எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, கப்பல் பட்டியலைக் கணினியில் ஏற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

எண்ணை எங்கே பிடிப்பது? பழைய பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்குக் கொடுத்த காகிதம், இதில் ஏதாவது ஒன்றில் இருக்கும். பெரியப்பா வீட்டில் தகரப் பெட்டி, பழைய பிரேம் போட்ட படத்தின் பின்பக்கம், சாமி அறை அலமாரி எல்லாம் பாருங்கள். சிரிக்காதீர்கள், சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்ததை நானே எடுத்திருக்கிறேன்.

காகிதமே இல்லை என்றால் உங்கள் தாத்தாவிடமிருந்து தொடங்குங்கள், பூட்டனாரிடமிருந்து வேண்டாம். தாத்தா இறந்தபோது சொத்துக் கோப்பு ஒன்று திறந்திருந்தால் அதில் மரண அறிவிப்பு என்று ஒரு படிவம் இருக்கும். அப்பா அம்மா பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் வரும். தேசிய காப்பகத்தின் நாயர்ஸ் (NAAIRS) என்கிற இணையத் தேடலில் பெயரைப் போட்டால் கோப்பு எண்ணும் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்கிற குறியீடும் காட்டும். கோப்பைக் காட்டாது! இதைப் புரிந்துகொள்ளாமல் "ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் போனால்தான் கோப்பைக் கையில் தருவார்கள். நேட்டால் சொத்துக் கோப்புகளில் ஒரு பகுதி ஃபேமிலிசர்ச் என்கிற வம்சாவளித் தேடல் தளத்திலும் படமாக இருக்கிறது, அதை ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டிலிருந்தே பார்க்கலாம், வேலை நேரம் என்கிற சாக்கு அங்கே செல்லாது.

வெருலம்_வாத்தியார்:

அக்கா சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனாலும் "தேடிவிட்டு வா" என்று விரட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. தேடுவதற்கு முதலில் என்ன எழுத்தில் தேடுவது என்று தெரிய வேண்டாமா? இவர் முனிசாமி என்கிறார். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி மூன்சாமி, மூனிசாமி, முனுசாமி என்று எழுதி வைத்திருப்பான். குப்புசாமியும் சுப்பிரமணியும் பட்ட பாட்டை நம் குடும்பப் பெயர்களிலேயே பார்க்கலாம். கணினிக்கு ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு ஆள். இதை எந்த இணையதளமும் சொல்லித் தராது, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொன்னால்தான் உண்டு.

அப்புறம் குடும்பப் பெயர் விவகாரம். நம்மவர்கள் அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டார்கள், அதிகாரி அதையே குடும்பப் பெயராக்கிவிட்டான். அதனால் ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பெயர், தம்பி ஒரு பெயர், அடுத்த தலைமுறைக்கு இன்னொரு பெயர். உங்கள் தாத்தாவின் கோப்பு நீங்கள் இப்போது போட்டுக்கொள்கிற பெயரில் இல்லாமல் போகலாம்.

காகிதம் வீட்டில் இருக்கும் என்று அக்கா நம்புகிறார். இருந்தால் சந்தோஷம். ஆனால் உங்கள் பெயரிலேயே கேட்டோ மேனர் இருக்கிறது. 1950-ல் வந்த, இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் டர்பனின் அந்தப் பகுதியிலிருந்தும் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்தும் சனங்களைக் கிளப்பி சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய்ப் போட்டபோது, எத்தனை வீட்டில் பெட்டி படுக்கையோடு காகிதமும் பத்திரமாக வந்தது? காகிதம் போன இடத்தில் வாய்வார்த்தைதான் மிச்சம். அந்த வாய்வார்த்தை கூகுளில் கிடையாது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால் யாரிடம் கேட்பது என்று ஒன்று இருக்கிறது. முகம் தெரியாத குழுவில் கேட்பதற்கு முன்னால், பெரியப்பாவின் நல்ல நாள் ஒன்றைப் பார்த்து போனில் பதிவு போட்டுக்கொண்டு உட்காருங்கள். "எந்த ஊர்" என்று நேராகக் கேட்காதீர்கள், கேட்டால் "இந்தியா" என்பார். எந்தச் சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள், தீமிதி எங்கே, பெண் எடுத்தது யார் வீட்டில், தாத்தாவுக்குக் கருமாதி செய்தது யார், இப்படிக் கேளுங்கள். ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் வரும். அங்கே வயதானவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் தாத்தாவின் பட்டப்பெயர் முதற்கொண்டு வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வராமல் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்களும் உண்டு, அவர்கள் இந்தக் கப்பல் பட்டியலில் இருக்க மாட்டார்கள். வீட்டில் கடை கண்ணி என்று ஏதாவது பழைய பேச்சு இருந்தால் கவனியுங்கள்.

ஜோபர்க்_நிரலாளன்:

நான் வேலூர்க்காரன், வேலைக்காக ஜோபர்க் வந்தவன், எனக்கு இங்கே பூட்டனார் யாரும் இல்லை, இருந்தாலும் மூக்கை நுழைக்கிறேன். எங்கள் தொழிலில் இந்தச் சண்டை தினசரி நடப்பது. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறுகிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியை யாராவது கேட்டால் உடனே மூடிவிடுவார்கள். புதிதாக வருகிறவனுக்கு அழுகையே வரும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது, பதில் சொல்கிறவன் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லவில்லை. என்ன செய்து பார்த்தோம், எங்கே சிக்கிக்கொண்டோம் என்று நாலு வரி எழுதினால் அதே ஆட்கள் விடிய விடிய உட்கார்ந்து உதவுவார்கள், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. குழுவில் கேட்டுப் பதில் வந்துவிட்டால் அதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "உங்க ஊர் வேலூர்தான், எனக்குத் தெரியும்" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். எதை வைத்து என்று கேளுங்கள். பட்டியலில் வட ஆற்காடு என்று இருப்பதைப் பார்த்துச் சொல்லியிருப்பார். சித்தூர் மாவட்டம் 1911-ல்தான் தனியாக வந்தது, அதற்கு முன்னால் சித்தூர் பக்கமெல்லாம் வட ஆற்காடுதான். ஆகவே அந்த ஊர் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கலாம், ராணிப்பேட்டையில் இருக்கலாம். தாலுகா பெயரைப் பார்க்காமல் ஊரைச் சொல்கிறவர் குறி சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கப்பல் பெயர், எண், கிராமம் எல்லாம் மணிமணியாகக் கொடுக்கும், ஒன்றுகூட எங்கும் இல்லாததாக இருக்கலாம். பார்க்கச் சரியாக இருந்து தப்பாக இருக்கிற பதில்கள் குவிந்ததால் 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே அதைத் தடை செய்தது. பழைய படிவத்தில் கைஎழுத்து புரியவில்லை என்றால் ஒரு உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கேட்டோமேனர்_பேரன்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் உட்கார்ந்தேன். ஊர் பெயர் வரவில்லை. ஆனால் பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து வைத்தார், உள்ளே தாத்தாவின் பிறப்புப் பதிவு. அப்பா பெயர் இடத்தில் மூன்சாமி என்று இருக்கிறது, பக்கத்தில் மையில் ஐந்து இலக்க எண். அம்மா பெயருக்குப் பக்கத்திலும் ஒரு எண், அது ஆறு இலக்கம், 1-ல் தொடங்குகிறது. இரண்டும் இவ்வளவு தள்ளி இருப்பது ஏன்? காகிதத்தில் யாராவது பிற்பாடு எழுதினார்களா?

மாரிட்ஸ்பர்க்_அக்கா:

அப்படி இருக்காது. அவர் முன்னாலேயே வந்திருக்கிறார், பூட்டியார் பின்னால் வேறு கப்பலில் வந்திருக்கிறார், இங்கே கல்யாணம் ஆகியிருக்கிறது. எண் வந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும். 1860-லிருந்து 1866 வரைக்கும் வந்த முதல் கட்டத்திலேயே 6,445 பேர்தான், அதற்கப்புறம் 1874 வரை கப்பல் நின்றுபோயிற்று, ஆக ஐந்து இலக்கம் என்றால் ட்ரூரோவை மறந்துவிடுங்கள். ஆறு இலக்க எண் 152,184-க்கு மேல் போகவில்லையே என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், போனால் அது காலனி எண் இல்லை.

இரண்டு பேரையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஊரும் இரண்டாக இருக்கலாம்.

வெருலம்_வாத்தியார்:

மூன்சாமியின் அப்பா பெயர் பட்டியலில் வரும், அது பெரியப்பா சொல்கிற எந்தப் பெயரோடாவது ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். எண்ணை நகல் எடுக்கும்போது 1-ம் 7-ம் மாறிப்போவது சகஜம்.

படத்தை இங்கே போடுவதாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், நானும் படித்துப் பார்க்கிறேன். அந்த உறைக்குள் உயிரோடு இருக்கிறவர்களின் அடையாள எண் எழுதிய காகிதம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் விலக்கிவிட்டுப் படம் எடுங்கள்.