கோன்பிளவர் எந்த வகை வாங்கலாம்? கொஞ்சம் அவசரம்

பின்கட்டு:
வீட்டு முன்னாடி 6க்கு 10 அடி இடம். புல்லை எடுத்துட்டு சின்னதா பிரெய்ரி (அமெரிக்க இயற்கைப் புல்வெளி) மாதிரி பண்ணலாம்னு போன வருஷம் 5 கோன்பிளவர் (எக்கினேசியா பூச்செடி) வெச்சேன். மூணு இந்த வசந்தத்துல தலைகாட்டவே இல்லை. மிச்சம் ரெண்டுல ஒண்ணுல பூ நடுவுல பச்சையா என்னமோ முளைக்குது. எந்த வகை வாங்கினா சாகாது? சனிக்கிழமை நர்சரிக்குப் போறேன்.

மண்வெட்டி:
எந்த ஊர்? என்ன நிறம், ஒத்தைப் பூவா அடுக்குப் பூவா? எப்போ நட்டீங்க? வெயில் எவ்வளவு நேரம்? இதெல்லாம் சொல்லாம வகை கேட்டா யாரால சொல்ல முடியும்?

பச்சைக்கிறுக்கன்:
மண்ணு புளிச்சிருக்கும். சுண்ணாம்பு தூவி, குழிக்கு ஒரு கை எலும்புத்தூள் போட்டு நடுங்க. எதுவும் சாகாது.

மண்வெட்டி:
ஊரே தெரியல, அதுக்குள்ள சுண்ணாம்பா?

பின்கட்டு:
சாரி. இல்லினாய் மாநிலம், சிகாகோ பக்கம், நேப்பர்வில். நல்ல வெயில். ஆரஞ்சு 2, மஞ்சள் 1, பிங்க் 2. செத்தது ஆரஞ்சும் மஞ்சளும்தான். செப்டம்பர் கடைசியில தள்ளுபடியில வாங்கினது, சீட்டைத் தூக்கிப் போட்டாச்சு.

செந்நிலம்:
இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு தடவை வருது. தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. போகட்டும்.

ஆரஞ்சு, மஞ்சள் எல்லாத்துக்கும் பாரடாக்ஸாங்கிற மஞ்சள் கோன்பிளவர் இனத்தோட ரத்தம். அது ஓசார்க் மலைப்பக்கம், மிசௌரி ஆர்கன்சாவில் பாறை மேட்டுல வளர்றது. அதைப் பர்பூரியாவோட, அதாவது வழக்கமான ஊதா-பிங்க் கோன்பிளவரோட சேர்த்துத்தான் சிகாகோ தாவரவியல் தோட்டத்துல ‘ஆரஞ்ச் மெடோபிரைட்’ எடுத்தாங்க, அப்புறம் மத்தவங்க வரிசையா விட்டாங்க. குளிரைத் தாங்கும். குளிர்காலத்துல வேர்த்தலை (தண்டும் வேரும் சேர்ற இடம்) ஈரத்துல ஊறினா தாங்காது. அதுவும் பூத்துக் குலுங்கின தொட்டியைச் செப்டம்பர் கடைசியில நட்டா, வேர் தொட்டி வடிவத்தை விட்டு வெளியே வர்றதுக்குள்ள தரை உறைஞ்சிடும். அப்புறம் உறைஞ்சு இளகும்போது மண் செடியை மேலே தள்ளிவிடும்.

கலப்பின வகை வேணும்னா மே மாசம் நடணும், முதல் வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் வர்ற பூத்தண்டை எல்லாம் வெட்டணும். யாரும் வெட்ட மாட்டீங்க, அது தனிக் கதை.

சுண்ணாம்பு ஆசாமிக்கு: அந்த வட்டாரத்துல அடிப்பாறையே சுண்ணாம்புக்கல் வகை, மண் ஏற்கெனவே காரம். இன்னும் போட்டா இலை மஞ்சளாகும்.

விதைப்பெட்டி:
அந்தப் பச்சை முளை பத்தி யாரும் பேசலையே. ரெண்டு காரணம் இருக்கலாம். பூத்தலையில மட்டும் குஞ்சம் மாதிரி இருந்து, இலையும் தண்டும் சாதாரணமா இருந்தா கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். பூவை வெட்டிக் குப்பையில போடுங்க, செடி பிழைக்கும். இதழே பச்சையாகி, பூவுக்குள்ள இருந்து குட்டி இலைக்கொத்து கிளம்பி, செடி வெளிறிக் குச்சி குச்சியா கிளைச்சா ஆஸ்டர் எல்லோஸ்ங்கிற நோய். மருந்தே கிடையாது. வேரோட பிடுங்கணும்.

பச்சைக்கிறுக்கன்:
எல்லோஸ்னா அந்த மண்ணையே ஒரு அடி தோண்டி மாத்தணும்.

விதைப்பெட்டி:
வேண்டாம். அது மண்ணுல தங்காது. உயிருள்ள செடியிலயும் இலைத்தத்துப்பூச்சி வயித்துலயும்தான் இருக்கும். மண்ணை மாத்துற நேரத்துல சுத்தி இருக்கிற டேண்டிலயன் களையைப் பிடுங்குங்க, அதுலயும் இருக்கும்.

பின்கட்டு:
இதழ் பிங்க்தான், குஞ்சம் மட்டும் பச்சை. இலை நல்லாயிருக்கு. அப்போ பேன்தானே?

இன்னொண்ணு, கூரைத் தண்ணி குழாய் அந்தப் பாத்தி ஓரத்துலதான் விழுது. அது பரவாயில்லையா?

மண்வெட்டி:
பேன்தான், வெட்டுங்க.

குழாய் விஷயத்தை முதல் வரியிலயே சொல்லியிருக்கணும்! புது வீடுன்னா மேல்மண்ணை வழிச்சு எடுத்துட்டு, கனரக வண்டி ஏறி இறுகின களிமண் மேல ரெண்டு இஞ்ச் கறுப்பு மண்ணைப் போட்டுக் கொடுத்திருப்பாங்க. அதுல கூரைத் தண்ணி வேற. ஒரு அடி ஆழம் குழி வெட்டித் தண்ணி ஊத்துங்க, வடிஞ்சதும் மறுபடி ஊத்துங்க. ரெண்டாவது தடவை மணிக்கு ஒரு இஞ்சாவது இறங்கணும். இறங்கலேன்னா:

குழாயை 4 இஞ்ச் பைப்பால நீட்டிப் பாத்தியைத் தாண்டிப் பத்தடி தள்ளி விடுங்க. நடுவுல 6–8 இஞ்ச் மேடு போடுங்க, ஆனா சும்மா மேல குவிக்காம அடி மண்ணை ஃபோர்க்கால குத்தி, ரெண்டும் கலக்கிற மாதிரி. மணல் கலக்காதீங்க, களிமண்ணோட கொஞ்சம் மணல் சேர்ந்தா இன்னும் கெட்டிப்படும். கம்போஸ்டும் உரமும் வேண்டாம், கோன்பிளவர் கொழுத்து ஜூலை மழையில சாயும். வேர்த்தலை மண் மட்டத்துக்கு அரை இஞ்ச் மேலயே இருக்கட்டும், மல்ச் (மூடாக்கு) அதைத் தொடக்கூடாது.

செந்நிலம்:
இப்போ வகை. பிரெய்ரின்னு சொல்லிட்டுக் கலப்பினம் நடுறது அபத்தம். உண்மையான இல்லினாய் பிரெய்ரிச் செடி பேலிடாங்கிற கோன்பிளவர் இனம். இதழ் மெலிசாத் தொங்கும், ஜூன்ல பூக்கும், ஆணிவேர், களிமண்ணையும் வறட்சியையும் தாங்கும். பர்பூரியா காட்டோரச் செடி, கொஞ்சம் ஈரம் கேட்கும். மத்ததெல்லாம் நர்சரிக்காரன் பண்ற வியாபாரம்.

தேனீவேலை:
எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. டெலவேர் மாநிலத்து மவுண்ட் கியூபா தோட்டத்துல கோன்பிளவர்களை மூணு வருஷம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. ‘பிகா பெல்லா’ங்கிற பிங்க் வகை முன்வரிசையில வந்தது, வெள்ளையில ‘ஃபிராக்ரன்ட் ஏஞ்சல்’ பூச்சி வரவுல அசல் பர்பூரியாவுக்கு ஈடு கொடுத்தது. அடுக்குப் பூ வகைகளுக்குத்தான் பூச்சி ரொம்பக் கம்மி. அதை மட்டும் ஒதுக்கினாப் போதும்.

செந்நிலம்:
பூச்சி வந்தா அது பிரெய்ரி ஆயிடுமா? விதை விழுந்தா என்ன முளைக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

தேனீவேலை:
சிகாகோவுல பிரெய்ரி பாணியில இருக்கிற லூரி பொதுத் தோட்டத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் இந்த ஆசைக்கே வர்றாங்க. அங்க ஊதா நதி மாதிரி ஓடுறதே ஐரோப்பிய சால்வியா. 60 சதுர அடிக்கு மரபணுத் தூய்மை பேசணுமா?

செந்நிலம்:
லூரி ஒரு ஓவியம். பிரெய்ரி இல்லை.

மண்வெட்டி:
ரெண்டு பேரும் வேற இழை திறங்க. கேட்டவருக்குச் சனிக்கிழமை.

பின்கட்டு, கோன்பிளவர் மட்டும் நட்டாப் பிரெய்ரி ஆகாது, புல்தான் செடிகளை நிமிர்த்திப் பிடிக்கும். ஒரு சதுர அடிக்கு ஒண்ணுன்னு 60 ப்ளக் (தட்டுல வளர்த்த குட்டி நாற்று). புல்லுல பிரெய்ரி டிராப்ஸீட் 16, லிட்டில் புளூஸ்டெம் 6; பூச்செடியில மேட்டு உச்சியில பேலிடா 10, ஓரச் சரிவுல பர்பூரியா 8, மேட்டுலயே பட்டர்ஃபிளை மில்க்வீட் 6, பள்ளத்துல லியாட்ரிஸ் ஸ்பிகாட்டா 8, மிச்சம் 6 பெண்ஸ்டெமான். தனித்தனியாத் தூவாம மூணு மூணாக் கொத்தா வைங்க. பேலிடா ப்ளக் பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகலாம், ஆணிவேருங்கிறதால இடம் மாத்தவும் முடியாது, யோசிச்சு வைங்க. தெருவைப் பார்த்த விளிம்புல உசரமா எதுவும் வேண்டாம். பிங்க்ல குட்டையா வேணும்னா ‘பிகா பெல்லா’ ரெண்டு மூணு. ஆரஞ்சு ஆசை விடலைன்னா உச்சியில ஒண்ணே ஒண்ணு, மே மாசம்.

பிரெய்ரிச் செடிகளை அந்த ஊர் மண்ணுக்கே உரிய செடி விக்கிற நர்சரியில ப்ளக் தட்டா வாங்குங்க. ஜூலை வெயில்ல நட்டா வாரம் ரெண்டு தடவை தண்ணி. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை நட்டா வேலை குறைவு.

பின்கட்டு:
நன்றி. குழியில தண்ணி அடுத்த நாள் காலையிலயும் நின்னுச்சு. பைப் நீட்டியாச்சு, பூவை வெட்டியாச்சு. செடி ஆகஸ்ட்ல வாங்கிக்கிறேன்.

விதைப்பெட்டி:
முயல் வருமா? ப்ளக் நட்ட அன்னிக்கே ரெண்டடி உசரத்துக்குக் கோழிவலை கட்டுங்க, அடிப்பக்கம் மண்ணுல பதியணும். குட்டி கோன்பிளவர் இலைன்னா அதுகளுக்கு உசுரு.

மிசௌரிக்காரன்:
எனக்கும் இதே மாதிரி, ஆனா பூ முழுசா ஒடிஞ்சு தண்டுல தொங்குது. இதுவும் பேனா?

விதைப்பெட்டி:
இல்லை, தலைவெட்டி வண்டு. தண்டைச் சுத்தித் துளை போட்டு, தொங்குற பூவுல முட்டை வைக்கும். தொங்குறது, கீழே விழுந்தது எல்லாத்தையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணியில போடுங்க. விட்டா புழு மண்ணுக்குள்ள போயி அடுத்த வருஷமும் வரும். எந்த மாசத்துல தொங்க ஆரம்பிச்சது?