முதல் வாரத்தில் மூன்று குறிப்பு: தரவு சொன்னதா, நாம் சொல்ல வைத்தோமா?

கணக்கன்:
எங்கள் குறிப்பேட்டுச் செயலியில், முதல் வாரத்துக்குள் மூன்று குறிப்பு எழுதியவர்கள் முப்பதாம் நாளிலும் இருக்கிறார்கள். எழுதாதவர்கள் பெரும்பாலும் காணாமல் போகிறார்கள். எனவே புதியவர்கள் மூன்றைத் தொடும்வரை அறிவிப்பு அனுப்பி நச்சரிக்கலாம் என்பது என் யோசனை. ஃபேஸ்புக்கின் வளர்ச்சிக் குழுவை நடத்திய சமத் பலிஹபிட்டியாவும் 'பத்து நாளில் ஏழு நண்பர்கள்' என்ற ஒற்றை இலக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

உப்புமூட்டை:
மழை நாளில் எல்லார் கையிலும் குடை இருக்கிறது. அதற்காகக் குடை கொடுத்தால் மழை வந்துவிடுமா? எழுதும் தேவை உள்ளவர் மூன்று எழுதினார், தங்கவும் செய்தார். தேவையில்லாதவரை நச்சரித்தால் செயலியையே நீக்கிவிட்டுப் போவார்.

கணக்கன்:
தேவை இருந்தும் வெற்றுத் தாளைக் கண்டு மிரண்டு ஓடுபவர்கள் உண்டு. எந்தத் திரையில் நின்றார்கள், எதைத் தொடாமலேயே மூடினார்கள் என்பதைத் தரவு இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஜோசியம் பார்த்தா?

நடுவாசல்:
இருவரும் வாயால் தீர்க்கப் பார்ப்பதைச் சோதனையால் தீர்க்கலாம். புதியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அறிவிப்பு அனுப்புங்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் இதையேதான் செய்தோம். மூன்று குறிப்பு எழுதியவர்கள் கூடினார்கள். எங்கள் மேலாளர் இனிப்பு கூட வாங்கிவந்துவிட்டார். மாதம் முடிந்து பார்த்தால், தங்கியவர்கள் இரண்டு பாதியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குறிப்புகளின் நீளத்தை எடுத்தோம் (உள்ளே என்ன எழுதியிருந்தார்கள் என்று பார்க்கவில்லை). ஏராளமானவை ஒற்றை எழுத்து! நச்சரிப்பு நிற்கட்டும் என்று எதையோ தட்டியிருக்கிறார்கள். அளவுகோலையே இலக்காக்கினால் அது அளப்பதை நிறுத்திவிடுகிறது. கூடவே, அறிவிப்பை அடைத்துவிட்டவர்களும் பெருகினார்கள். அவர்களை மறுபடி எட்டுவது மிகவும் கடினம்.

உப்புமூட்டை:
இன்று நீளம், நாளை? ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணிப்புச் செயலியும் பயன்பாட்டை அளக்கத்தான், பயனர் செயலிக்குள் செய்வதை 'நிகழ்வு' என்று பெயரிட்டுப் பதிந்தது. ஆனால் ஃபேஸ்புக் போன்றவர்களின் பகுப்பாய்வுக் கருவிகளுக்குப் போன அந்த நிகழ்வுகள் சிலவற்றின் பெயரிலேயே 'கர்ப்பம்' என்ற சொல் இருந்தது என்பது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2021இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. உள்ளடக்கம் எதற்கு, நிகழ்வின் பெயரே போதுமே.

கணக்கன்:
அது வெளியாருக்குக் கொடுத்த கதை. 2021 ஏப்ரலில் ஐபோன் இயங்குதளத்தின் ஐஓஎஸ் 14.5 பதிப்பு வந்தபோது ஆப்பிள் அனுமதி கேட்கச் சொன்னதும் பிறருடைய செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர்வதற்குத்தான். என் வீட்டுக்குள் யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று நானே பார்ப்பது வேறு. குலுக்கல் சோதனைக்கு ஒப்புக்கொள்கிறேன், வெற்றுத் தாளுக்குப் பதில் மாதிரிக் குறிப்பு ஒன்றையும் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் அறிவிப்பை விடமாட்டேன். ஒன்றே ஒன்று.

உப்புமூட்டை:
அந்த ஒன்றை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கும்?

கணக்கன்:
அமைப்புகளில்.

உப்புமூட்டை:
எத்தனை தட்டுக்குப் பிறகு?

கணக்கன்:
நான்கு.