பின் டயரில் ஏறிய ஆணி: ஒட்டினால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

சாலைவிரும்பி:

வணக்கம் நண்பர்களே. என் பைக்கில் பின் டயர் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாதது), அலாய் வீல். போன வாரம் ஒரு ஆணி ஏறி, பாலத்தின் மேல் வைத்தே காற்று முழுதும் இறங்கிவிட்டது. ஓரம் கட்ட இடமே இல்லாத பாலம், பின்னால் வரிசையாக லாரிகள், அதனால் கீழே இறங்கும் வரை மெதுவாக ஓட்டித்தான் வர வேண்டியிருந்தது. அப்புறம் ஒருவர் திரி (ஓட்டையை அடைக்கும் ரப்பர் நாடா) வைத்து அடைத்துக் காற்று பிடித்துக் கொடுத்தார், வீடு வந்து சேர்ந்தேன். இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று குறைகிறது.

விசாரித்தால் ஒருவர் இன்னொரு திரி சேர்த்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார், இன்னொருவர் உள்ளே டியூப் போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது என்கிறார், மூன்றாமவர் டயரையே மாற்றச் சொல்கிறார். மூவருமே டயர் வேலை பார்க்கிறவர்கள், யார் பேச்சைக் கேட்பது? டயரின் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல் ரப்பர்) இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. ஆனால் வாரக் கடைசியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிற வண்டி, அதனால் ஏனோதானோ என்று விடவும் முடியாது. ஓட்டை சரியாக நடுவில் இல்லை, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் இருக்கிறது.

அச்சாணி:

முதலில், காற்று எங்கிருந்து போகிறது என்று பார்த்தீர்களா? திரி வைத்த இடம்தான் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. டயரில் காற்றை முழு அளவுக்குப் பிடித்துவிட்டு, சோப்புத் தண்ணீரைத் திரியின் மேல் ஊற்றிச் சற்று நேரம் பொறுமையாகப் பாருங்கள். அப்புறம் வால்வின் வாய், வால்வு ரிம்மில் உட்காரும் ரப்பர், டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு முழுவதும், இரண்டு பக்கமும். காற்றில்லாமல் ஓடிய டயர் விளிம்பில் கசிவது சாதாரணம். வால்வின் வாயில் வைத்த சொட்டு குமிழாக வளர்ந்தால் உள்ளே இருக்கும் சின்ன பின்னைத் திருகி இறுக்கினாலோ மாற்றினாலோ வேலை முடிந்தது.

திரியில்தான் கசிவு என்றால், அதன் மேல் இன்னொரு திரியைத் திணிக்க விடாதீர்கள். ஒவ்வொரு முறை குத்தும்போதும் ஓட்டை பெரிதாகிறது, உள்ளே ஓடும் நூல் அடுக்கும் அறுகிறது. டயரைக் கழற்றி உட்பக்கத்திலிருந்து மஷ்ரூம் பேட்ச் வைப்பதுதான் முறையான வேலை. அதன் தண்டு ஓட்டையை நிரப்பும், குடை உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டை 6 மி.மீ.க்கு மேல் போனால் ஒட்டக் கூடாது என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கும் எல்லை. சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில் என்றால் எவ்வளவு சின்ன ஓட்டையானாலும் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் பகுதி அது, எந்த ஒட்டும் அங்கே நிற்காது. உங்கள் ஓட்டை இரண்டுக்கும் நடுவில் என்கிறீர்கள், அதைப் படத்தில் பார்த்து யாரும் சொல்ல முடியாது, நேரில் அளந்துதான் பார்க்க வேண்டும். ஓரத்தை நெருங்கியிருந்தால் நான் ஒட்டமாட்டேன், ஏனென்றால் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது முழுப் பாரமும் அங்கேதான் விழுகிறது.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது ஓட்டை அல்ல, பாலத்தில் காற்றில்லாமல் ஓட்டியது. டயரைக் கழற்றியதும் சைடுவாலின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கையில் கருப்பாக ரப்பர் தூள் ஒட்டினாலோ, சுற்றிலும் ஒரு வளையமாகத் தேய்ந்த தடமோ சுருக்கமோ தெரிந்தாலோ அந்த டயர் முடிந்தது. வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி நசுங்கி உள்ளே இருக்கும் நூல் அடுக்கு செத்திருக்கும். அப்படிப்பட்ட டயர் சூடேறி, பாரமும் சேரும்போது சைடுவாலிலேயே வெடிக்கும். கழற்றிப் பார்க்காமல் ‘மாற்று’ என்று சொல்வதும் தப்பு, ‘ஒட்டு’ என்று சொல்வதும் தப்பு.

மலைப்பாதை:

அச்சாணி சார் சொன்னதில் பெரும்பாலானவை சரி, ஆனால் திரியை இவ்வளவு கீழே இறக்கிப் பேச வேண்டியதில்லை. ஒழுங்காக வைத்த திரி டயர் மொட்டையாகும் வரை நின்றதை நான் என் வண்டியிலேயே பார்த்திருக்கிறேன். பிரச்சினை திரியில் இல்லை, வைக்கிற அவசரத்தில் இருக்கிறது. ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறதோ அதே சாய்வில்தான் அர ஊசியை விட வேண்டும், நேராகக் குத்தினால் புதிதாக ஒரு வழி பிறந்துவிடும். சாய்வு மறந்துவிடக் கூடாது என்பதற்காக, எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் நான் ஆணியைப் பிடுங்குவேன். ஊசியை ஏற்றி இறக்கி ஓட்டையின் சுவரைச் சொரசொரப்பாக்க வேண்டும், திரியைக் காதுள்ள இன்னொரு ஊசியில் கோத்துச் சொல்யூஷன் தடவ வேண்டும், இரண்டு வாலும் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வெளியே நிற்கும் வரை உள்ளே தள்ளி, ஊசியைத் திருகாமல் ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். மிச்சத்தை ரப்பரோடு ஒட்ட அறுக்காமல் 2, 3 மி.மீ. விட்டு வெட்டினால் ஓட ஓட அதுவே அமுங்கிவிடும்.

ரோட்டில் மாட்டிக்கொண்டவனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, பேட்ச் ஒட்டுகிற ஆள் எல்லா இடத்திலும் இருக்கமாட்டார். ஆனால் நண்பரே, இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று குறைகிறது என்றால் உங்கள் திரி பிடிக்கவில்லை, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கழற்றிப் பாருங்கள். அதுவரை பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று, யாராவது ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றச் சொன்னால் இப்போது ஊற்றாதீர்கள். உள்ளே முழுக்கப் பசையாகப் பரவி, அதைச் சுத்தமாகக் கழுவித் துடைக்காமல் பேட்ச் ஒட்டாது.

சாலைவிரும்பி:

இருவருக்கும் மிக்க நன்றி. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், வால்வில் ஒன்றும் இல்லை, விளிம்பிலும் இல்லை, திரியின் ஒரு பக்கத்தில் மட்டும் பொடிப் பொடியாகக் குமிழ் வருகிறது. நாளை கழற்றச் சொல்லியிருக்கிறேன். டியூப் போடுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? அதுதான் சுலபம் போலத் தெரிகிறது.

இரட்டைச்சக்கரம்:

தம்பி, சுலபம்தான், ஆனால் ஓட்டைக்கு மருந்தாக அதைச் செய்யாதீர்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், வண்டி ஆடுவதை உணர்ந்து நிறுத்த அவகாசம் கிடைக்கும். டியூப் அப்படியல்ல. ஆணி குத்திய இடத்தில் கிழிந்தால் காற்று வால்வு ஓட்டை வழியாகவும், ஆரக்கம்பிச் சக்கரமானால் கம்பித் துளைகள் வழியாகவும் ஒரே மூச்சில் போய்விடும். அதோடு டயருக்குள் இன்னொரு ரப்பர் உரசிக்கொண்டே இருப்பதால் சூடும் கூடுகிறது. உள்ளே அடிபட்ட டயருக்கு டியூப் போட்டால் காற்று நிற்கும், அடிபட்ட நூல் அடுக்கு அப்படியேதான் இருக்கும். அப்போது கசிவு என்கிற எச்சரிக்கைகூட உங்களுக்குக் கிடைக்காது, எனக்கு அதுதான் பயம்.

ஓடும்போது பின் சக்கரத்தில் திடீரென்று காற்று போனால் என்ன செய்வது என்பதையும் மனைவியை ஏற்றிக்கொண்டு போகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பின்பக்கம் மீன் வால் போல ஆடும். ஹேண்டிலை இறுக்காமல் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாமல் மெல்லக் குறைத்து, முன் பிரேக்கை மட்டும் லேசாகத் தொட வேண்டும். காற்றுப் போன சக்கரத்தின் பிரேக்கை அழுத்தினால் டயர் ரிம்மை விட்டு நழுவப் பார்க்கும். முன் சக்கரத்தில் காற்று போனால் இதற்கு நேர்மாறாக, பின் பிரேக் மட்டும்.

சாலைவிரும்பி:

கழற்றியாயிற்று. அச்சாணி சார் சொன்னது அப்படியே இருந்தது. சைடுவாலின் உள்ளே ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் தேய்ந்த வளையம், விரலால் தொட்டால் மை மாதிரி கருப்புத் தூள். வெளிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டையே பேட்ச் வைக்கிற இடத்தில்தான் இருந்தது என்றாலும் இனி அதைப் பற்றிப் பேச்சில்லை, டயரை மாற்றிவிடுகிறேன். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அச்சாணி:

நல்ல முடிவு சார். அளவு, பாரக் குறியீடு (தாங்கும் எடை), வேகக் குறியீடு (தாங்கும் வேகம்) மூன்றும் வண்டிப் புத்தகத்தில் இருப்பதற்குக் குறையக் கூடாது. அகலமான டயர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ரிம் அகலத்துக்குப் பொருந்தாத டயரின் வளைவே மாறிவிடும், திருப்பங்களில் வண்டி முரண்டு பிடிக்கும். சைடுவாலில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பல வருடம் கிடந்த டயரைப் புதிது என்று வாங்காதீர்கள். மாட்டும்போது சுழலும் திசைக்கான அம்புக்குறியை நீங்களே ஒருமுறை பாருங்கள், திருப்பி மாட்டிவிட்டால் மறுபடி முழுவதும் கழற்ற வேண்டும். வால்வையும் கையோடு மாற்றிவிடுங்கள், அந்த ரப்பரும் டயரோடு சேர்ந்துதான் வயதாகிறது. சக்கரத்தைத் திரும்ப மாட்டியதும் செயின் தளர்வு, சக்கரம் நேராக இருக்கிறதா, ஆக்சில் நட் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரேக் பெடலை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்த பிறகு நகர்த்துங்கள்.

புது டயரின் மேற்பரப்பு முதலில் வழுக்கும். முதல் 150 கி.மீ. வரை பெரிதாகச் சாய்க்காமல், சட்டென்று பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள், மழை பெய்தால் இன்னும் நிதானம்.

காற்றோடி:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஆரக்கம்பிச் சக்கரம், டியூப் டயர். பஞ்சர் ஒட்டி மாட்டினால் சில நாளில் மறுபடி பஞ்சர். புது டியூப் போட்டும் அதே கதை. டயரை மாற்றினால் நின்றுவிடுமா?

மலைப்பாதை:

டயரை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள். டியூபைக் கழற்றும்போது வால்வு டயரின் எந்த இடத்துக்கு நேராக இருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, காற்று பிடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை மறுபடி டயரோடு ஒட்டிப் பாருங்கள். ஓட்டை டயர்ப் பக்கம் இருந்தால் நேர் எதிரே ரப்பருக்குள் ஏதோ புதைந்திருக்கிறது, பெரும்பாலும் முடி மாதிரி மெல்லிய கம்பித் துண்டாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். பழைய துணியைச் சுருட்டி உள்ளே ஓட்டினால் நூல் மாட்டி நிற்கும் இடத்தில் கம்பி இருக்கும். ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் ஆரக்கம்பியின் நுனி ரிம் பட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், நுனியை அரத்தால் ராவிவிட்டுப் பட்டையைப் புதிதாகப் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டையாக இருந்தால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியதால் டியூப் நசுங்கியிருக்கிறது, அல்லது மாட்டியவர் லிவரால் கடித்துவிட்டார். இதில் எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.