புதுப்பிப்பு: நியூ ஹாம்ப்ஷயரில் கடைசியில் யாருக்கு வாக்களித்தேன்

அயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சி வாக்கெடுப்பின் முடிவு வந்த மறுநாள், கட்சியின் 2024 அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் எங்கள் மாநில முதற்கட்டத் தேர்தலில், டிரம்ப்பை எதிர்த்து நின்ற ரான் டிசாண்டிஸா நிக்கி ஹேலியா என்று முடிவெடுக்க முடியாமல் கருத்துக் கேட்டிருந்தேன். அந்தக் கேள்விக்கே வேலையில்லாமல் போயிற்று. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, 2024 ஜனவரி 21 அன்று, டிசாண்டிஸ் விலகி டிரம்ப்பை ஆதரித்துவிட்டார்.

ஃபுளோரிடா ஆளுநராக டிசாண்டிஸ் நடத்திய ஆட்சியைப் பார்த்து முக்கால் மனத்தோடு அவர் பக்கம் சாய்ந்திருந்த நான், மறுபடியும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று. எனக்கு முதல் கவலை அப்போது 34 லட்சம் கோடி டாலரைத் தொட்டிருந்த தேசியக் கடன்தான். இன்றைய இளையவர்களுக்கு ஓய்வூதிய வயதை உயர்த்த வேண்டும் என்று, அது வாக்கைக் குறைக்கும் எனத் தெரிந்தும் ஹேலி வெளிப்படையாகச் சொன்னார். டிரம்ப்போ அந்த அரசு ஓய்வூதியத் திட்டத்தில் கைவைக்கவே கூடாது என்றதோடு, இறக்குமதிப் பொருள்கள் மீது 10 சதவீத வரி என்றும் பேசினார், சிக்கனம் பேசும் கட்சிக்காரனான எனக்கு அது ஒட்டவில்லை. எல்லைப் பாதுகாப்பில் டிரம்ப்பே உறுதியானவர் என்று நீங்கள் பலர் எழுதியதை நான் மறுக்கவில்லை.

வாக்குச்சீட்டில் இருந்த 24 பெயர்களில் டிசாண்டிஸின் பெயரும் அப்படியே இருந்தது. பேனா ஒரு கணம் அங்கே நின்றது உண்மை. பிறகு ஹேலிக்கு எதிரே இருந்த நீள்வட்டத்தை நிரப்பினேன். டிரம்ப் ஏறத்தாழ 54 சதவீதமும் ஹேலி 43 சதவீதமும் பெற்றார்கள். 2024 நவம்பர் அதிபர் தேர்தலில் என்ன செய்வேன் என்று கேட்டவர்களுக்கு அப்போது பதில் என்னிடம் இல்லை.