சந்தூரில் ஒரு பிரெஞ்சு ஒயின் புட்டியை எங்கே வைப்பது?

சந்தூர் தோட்டக்காரர்:
ஓசூரில் என் தம்பியோடு பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், நாடு திரும்பும்போது ஷாத்தோ ஓ-பிரியோன் என்னும் சிவப்பு ஒயின் ஒன்றை அவருக்கு அன்பளிப்பாகத் தந்தார். 2015ஆம் ஆண்டு அறுவடை. தம்பியின் வெள்ளி மணவிழா வரை, அதாவது இன்னும் நான்கு ஆண்டுகள், அது என் பொறுப்பில் இருக்கும். எங்களுடையது ஓட்டு வீடு. சித்திரையில் பரண் அடுப்பாகக் காயும். புட்டியை எங்கே வைப்பது? இதற்கு ஏன் இவ்வளவு விலை என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் வாசகர்:
பரண் வேண்டவே வேண்டாம், ஐயா. ஏறத்தாழ 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை ஏற்றது. அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. வெப்பத்தில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், ஆறும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும், காற்றுப் பட்டால் சுவை கெடும். தக்கை காயாதிருக்கப் புட்டியைப் படுக்கவையுங்கள். ஒயினுக்கென்றே விற்கும் குளிர்பெட்டி நல்லது; இல்லையேல் செய்தித்தாளில் சுற்றி வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடத்துங்கள். அங்கே குளிர் அதிகம்தான், ஆனாலும் உங்கள் ஊர் வெயிலைவிடத் தீங்கு குறைவு.

தருமபுரி ஆசிரியர்:
விலைக்குப் பழமையும் ஒரு காரணம். பிரான்சின் போர்தோ நகரை ஒட்டிய பெசாக்கில், 16ஆம் நூற்றாண்டில் ழான் தெ போந்தாக் உருவாக்கிய தோட்டம் அது. 1663இல் லண்டனில் அதன் ஒயினைக் குடித்த ஆங்கிலேய நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீஸ், பெயரைப் பிழையாக எழுதினாலும் சுவையைத் தம் நாட்குறிப்பில் பாராட்டினார். போர்தோ ஒயின்களுக்கான 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் முதல் தரம் பெற்ற நான்கு சிவப்பு ஒயின் தோட்டங்களில் போர்தோவுக்கு வடக்கேயுள்ள மெதோக் பகுதிக்கு வெளியே இருந்தது இது ஒன்றே. நீரைத் தேங்கவிடாத கூழாங்கல் மண்ணில் மெர்லோ, கபெர்னே சோவிஞோன் ஆகிய திராட்சை வகைகள் விளைகின்றன. மா ஒட்டுக்கன்றுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரரான உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சையை அழித்தபோது, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் தங்கள் கொடியை ஒட்டித்தான் அவர்கள் மீண்டார்கள்.

சந்தூர் தோட்டக்காரர்:
நாங்கள் அல்போன்சாவை ஒட்டும்போது வேர் நாட்டு மாங்கொட்டையில் முளைத்தது, குச்சிதான் வெளியூர். அவர்களுக்கு வேர் அயல்நாடு, குச்சி சொந்தம். இருவருக்கும் நன்றி. புட்டி ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டது. திறக்கும் நாளில் ஏதேனும் முறை உண்டா?

ஓசூர் வாசகர்:
முந்தைய நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மறுநாள் அசைக்காமல் வேறு கண்ணாடிக் குடுவைக்கு மெல்ல ஊற்றி, 16 முதல் 18 டிகிரியில் பருகுங்கள்.