செக் ஜாவா மூடுபனியில் ஒரு இருவாச்சி

தெம்பனிஸ்காரன்:
இரண்டு மாதமாகியும் மனதை விட்டுப் போகவில்லை. நானும் மனைவியும் சிங்கப்பூரின் உபின் தீவுக்குப் போயிருந்தோம். விடியற்காலையில் சுமத்ரா காற்றுமழை அடித்து ஓய்ந்திருந்தது. 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், தெரியும்தானே. அவசரமில்லாமல் காத்திருந்து போனோம். தீவின் கடலோரச் சதுப்புப் பகுதியான செக் ஜாவாவின் நடைபாலத்தில் ஏறினால் கடல் பக்கம் முழுக்க வெள்ளை. எதிரே இருக்கும் செக்குடு தீவுகூடத் தெரியவில்லை. மேலே விமானம் இறங்கும் சத்தம் மட்டும்.

அப்போது சிறகடிப்பு கேட்டது. பெரிய பாயை உதறுவது போல அவ்வளவு கனம். கைப்பிடியில் வந்து உட்கார்ந்தது, நாலடி தூரத்தில். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இருவாச்சிங்க. எஸ்டேட்ல அப்பா காட்டுவாரு." அவள் வால்பாறையில் வளர்ந்தவள். பறவை போன பிறகும் கையை விடவில்லை. "அப்பாவ ஒரு தடவ கூட்டிட்டு வந்திருக்கலாம்ங்க" என்றாள்.

அவர் வரட்டுமா என்று கேட்டபோது, வீடு சின்னது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொன்னவன் நான். அந்த அடுத்த வருடம் அவர் இல்லை.

கடலோரம்88:
வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆனால் நம் ஊரில் ஏது மூடுபனி? இந்தோனேசியக் காட்டுத்தீப் புகைமூட்டமாகத்தான் இருக்கும். 2013 ஜூன் 21, காற்று மாசுக் குறியீடு 401 தொட்ட நாள். நிச்சயம் முடிந்த புதிது, ஈஸ்ட் கோஸ்ட் கரையில் அவரோடு நின்றேன். வரிசையாக நிற்கும் கப்பல்களில் ஒன்றுகூட இல்லை. முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் மட்டும் சிவந்து தெரிந்தது. இன்றும் அவரை நினைத்தால் முதலில் வருவது அந்தக் கண்தான்.

சைக்கிள் மாமா:
நான் ஒருமுறை இருவாச்சியை ஆலமரத்தில் பார்த்தேன், அவ்வளவுதான். 1800களில் இங்கே அற்றுப்போன பறவை, 1994இல் உபினில்தான் திரும்பத் தென்பட்டது. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கடல்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், நட்சத்திரமீன் தெரியும். சைக்கிளை செக் ஜாவா வாசலிலேயே பூட்டிவிட வேண்டும், உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், காட்டுப்பன்றி விடாது. மழைக்குப் பிறகு பலகை வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். தண்ணீரைக் கிராமத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இடி கேட்டால் அங்கிருக்கும் ஜெஜாவி பார்வைக் கோபுரத்தில் ஏறாதீர்கள்.

தெம்பனிஸ்காரன்:
தங்கச்சி, அது புகை இல்லை. புகைக்குக் கருகல் வாடை இருக்கும், தொண்டை கரகரக்கும். அன்று ஈர மண் வாசனைதான். என் மனைவி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், ஊர் மாதிரியே இருக்கிறது என்று.

மாமா, ஒன்று கேட்க வேண்டும். டிசம்பரில் மாமியார் வருகிறார், டிக்கெட் போட்டாயிற்று. வயது 71, முட்டிவலி உண்டு. படகிலிருந்து துறைப் படியில் கால் வைத்து ஏறுவது அவருக்கு முடியுமா?