நாஸ் பேக்கப் பாதியில் அறுகிறது: டிஸ்க் கோளாறா, கரண்ட் போதவில்லையா?

வணக்கம். வேளச்சேரி வீட்டில் ரெய்டு 1-இல் (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல்) ஓடும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த ஸ்டோரேஜ் பெட்டி). அதிலிருந்து 4 டிபி யூஎஸ்பி டிஸ்க்குக்கு ராத்திரி ஆர்சிங்க் (ஃபைல் காப்பி செய்யும் புரோகிராம்) ஓடும். (ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று கேட்காதீர்கள். கைதவறி அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலிருந்தும் சேர்ந்தே போய்விடும்.)

சின்ன ஃபைல்கள் ஒழுங்காகப் போகின்றன. வீடியோ ஃபோல்டர் தொட்டதும் நிற்கிறது. லாகில் முதலில் ‘யூஎஸ்பி டிஸ்கனெக்ட்’, அதற்கப்புறம்தான் எக்ஸ்ட்4 (டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம்) எரர், கடைசியில் ரீட்-ஒன்லி (படிக்கலாம், எழுத முடியாது). வரிசையைப் பார்த்தால் ஃபைல் சிஸ்டம் கெட்டது விளைவுதான், காரணம் அல்ல. ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் அறிக்கை) ரீஅலொகேட்டட், பெண்டிங் செக்டர் இரண்டும் 0, அதாவது கெட்ட செக்டர் எதுவும் காட்டவில்லை. அன்மவுண்ட் செய்து எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டினால் சரியாகிறது, மறுபடி பெரிய காப்பியில் அதே கதை. அதே டிஸ்க், அதே கேபிள், லேப்டாப்பில் பிரச்சினையே இல்லை. ஸ்லீப் ஏற்கெனவே ஆஃப்.

டிஸ்க் 2.5 அங்குலம், தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லிஆம்ப் தர வேண்டும். நாஸ் போர்ட் லோடில் தடுமாறுகிறது என்பது என் ஊகம். யுஏஎஸ் (யூஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் முறை) டிரைவர் தகராறாகவும் இருக்கலாம்.

அடாப்டரோடு வரும் ஹப் போட்டு யாருக்காவது தீர்ந்ததா? இல்லை, முதலில் யுஏஎஸ்ஸை நிறுத்திப் பார்ப்பதா? ரிச்சி தெருவில் நம்பி வாங்கக்கூடிய ஹப் எது, எத்தனை ஆம்ப் அடாப்டர் வேண்டும் என்றும் சொல்லுங்கள்.